வலப்பக்கம் பார்த்தவள்

லாகூர்
2 பிப்ரவரி 1966

அன்புள்ள தஸ்னீம்,

நலமா? இங்கே குளிர் எலும்புவரை இறங்குகிறது. பஷீரன் சமையலறையில் பாத்திரங்களை உருட்டிக்கொண்டே இருக்கிறாள். நீ போனதிலிருந்து என்னோடு நேராகப் பேசுவதில்லை. என்னிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் கிளியிடம் சொல்கிறாள். "பேகம் சாஹிபா இருந்தா இந்த வீடு இப்படியா கிடக்கும், மிட்டூ?"

நம் படம் ஈதுக்கு வெளிவந்தது தெரிந்திருக்கும். பாட்டுகள் தெருவெல்லாம் கேட்கின்றன. உருது சரியாக வராத டாங்காக் குதிரைவண்டிக்காரன்கூட உன் கஜலை முணுமுணுத்துக்கொண்டு போகிறான். ஆனால் கடைசிக் காட்சியில் நீ டாங்காவில் ஏறி, திரும்பிப் பார்க்காமல் போகிறாயே, அங்கேதான் ஜனம் கொதிக்கிறது. முன்வரிசையில் நாற்காலிகளை உடைத்திருக்கிறார்கள். விநியோகஸ்தர் வீட்டுக்கே வந்துவிட்டார். "டைரக்டர் சாஹிப், ஊரையே அழ வச்சுட்டீங்க. ஒரு தடவ திரும்பிப் பாக்கக்கூடவா உங்க கதாநாயகிக்குக் கழுத்து சுளுக்கு?" என்கிறார். நீ திரும்பிப் பார்த்தால் போதும். கதாநாயகன் அஷ்ஃபாக் ஓடிவந்து டாங்காவை நிறுத்துவதை நான் தனியாக எடுத்துச் சேர்த்துக்கொள்வேன். இல்லாவிட்டால் படத்தைத் தூக்கிவிடுவார்களாம்.

ஒரே ஒரு நாள் வந்து போ. வீட்டுக்கு வர மனமில்லை என்றால் ஓட்டலில் அறை போடச் சொல்கிறேன். நான் களைத்துப்போய்விட்டேன் தஸ்னீம். இந்தப் படமும் போனால் எனக்கென்று வேறொன்றும் இல்லை.

உன்,
ஃபர்ருக்


கராச்சி
9 பிப்ரவரி 1966

மதிப்பிற்குரிய ஃபர்ருக் சாஹிபுக்கு, சலாம்.

அக்கா வீட்டில் சௌக்கியமாக இருக்கிறேன். இத்தனை மாதம் கழித்து வந்த கடிதம் என்று கைவேலையைப் போட்டுவிட்டுப் பிரித்தேன். கதாநாயகியை அழைத்திருக்கிறீர்கள். மனைவியைத் தேட வீட்டில் பஷீரனும் கிளியும்தான் மிச்சம் போலிருக்கிறது.

நான் வரவில்லை. அன்று ராவி ஆற்றங்கரையில் பொழுது சாயும்வரை என்னை அந்த டாங்காவில் ஏற்றி ஏற்றி இறக்கினீர்கள். முதல் தடவை நான் திரும்பிப் பார்த்தேன். "கட்! உன்னை யாரு திரும்பச் சொன்னது?" என்று எல்லார் முன்னாலும் கத்தினீர்கள். மறுபடி ஏறினேன். மறுபடியும் ஏறினேன். சாயங்காலத்துக்குள் திரும்பாமல் போக நன்றாகப் பழகிவிட்டது. கொஞ்ச நாளில் நம் வீட்டு வாசலில் நிஜ டாங்கா வந்து நின்றபோது எனக்குச் சிரமமே இருக்கவில்லை. நீங்கள் அறைக்குள் வசனம் திருத்திக்கொண்டிருந்தீர்கள்.

ஏன் போனாய் என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். நிக்காஹ் ஆனதிலிருந்து என்னை ஒரு மனுஷியாகப் பார்த்ததே இல்லை. ரொட்டி பரிமாறும்போதுகூட, "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பு, வெளிச்சம் விழட்டும்" என்பீர்கள். எனக்கு அலுத்துவிட்டது.

அந்த முதல் தடவை எடுத்த துண்டு எங்காவது கிடக்கும். வேண்டாத ஃபிலிமை வளையல் செய்கிறவர்களுக்கு எடைக்குப் போடுவதுதானே ஸ்டூடியோ வழக்கம்? போடுவதற்குள் தேடிப் பிடியுங்கள். படத்துக்கு அது போதும். ஆனால் வெட்டி ஒட்டுவதற்கு முன்னால் ஒரு தரம் நிதானமாகப் பாருங்கள், நான் எப்படிப் பார்த்திருக்கிறேன் என்று. பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். வீட்டுக்கு வருவதா வேண்டாமா என்பதை அந்தக் கடிதத்தைப் படித்துத்தான் முடிவு செய்யப்போகிறேன்.

தஸ்னீம்


லாகூர்
6 மார்ச் 1966

அன்புள்ள தஸ்னீம்,

கிடைத்துவிட்டது! எடிட்டர் லத்தீஃப் சாச்சாவும் நானும் கிடங்கில் உட்கார்ந்து மூட்டை மூட்டையாக அவிழ்த்தோம். வளையல்காரரின் வண்டி வாசலில் வந்து நின்றிருந்தது. என்னமாய்ப் பார்த்திருக்கிறாய்! எத்தனை தடவை போட்டுப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. கண்ணில் நீர் நிற்கிறது, விழவில்லை. இதைச் சொல்லிக்கொடுத்து யாரிடமும் வாங்க முடியாது.

ஒரே ஒரு பிழை. அஷ்ஃபாக் நின்றது காமிராவுக்கு இடப்பக்கம். நீ வலப்பக்கம் பார்த்துவிட்டாய். இத்தனை படம் நடித்தவள் இப்படிப் பிசகலாமா? இடம் வலமாக மாறும்படி ஃபிலிமைப் புரட்டிப் போட்டு அச்செடுக்கச் சொன்னேன். லத்தீஃப் சாச்சாவுக்குப் பிடிக்கவில்லை. "வேணாம் மியான், இருக்கறபடியே விட்டுடுங்க. அவ தப்பாப் பாக்கல," என்று முரண்டு பிடித்தார். பாவம், வயதாகிவிட்டது, கண்ணும் மங்கல். எப்படியோ செய்து முடித்தோம். இப்போது நீ சரியாக அஷ்ஃபாக்கையே பார்க்கிறாய்.

படம் பிழைத்துக்கொண்டது. விநியோகஸ்தர் மிட்டாய்க் கூடையோடு வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். கராச்சியிலும் புதிய முடிவோடு ஓடுகிறது, போய்ப் பார். அடுத்த கதை தயாராக இருக்கிறது. அதிலும் நீதான். எப்போது வருகிறாய்?

பார்த்துவிட்டு எழுதச் சொன்னாயே: பார்வை அற்புதம்.

உன்,
ஃபர்ருக்


கராச்சி
20 மார்ச் 1966

ஃபர்ருக் சாஹிப்,

நேற்று அக்காவோடு பெண்கள் காட்சிக்குப் போனேன். புர்காவுக்குள் இருந்ததால் என்னை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. டாங்கா கிளம்பியதும் பக்கத்து இருக்கை அம்மாள் துப்பட்டாவை வாயில் கவ்விக்கொண்டு, "போகாதடி பைத்தியமே, ஒரு தடவ திரும்பிப் பாருடி" என்று அழுதாள். திரையில் நான் திரும்பினேன். "பாத்தியா, பாத்தியா! அவன்மேல உயிரையே வச்சிருக்கா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆமாம் என்றேன்.

என் மூக்குத்தி இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்குப் போயிருந்தது. நிக்காஹ் அன்று உங்கள் அம்மா தன் கையால் போட்டுவிட்டது. தியேட்டரில் ஒருவரும் கவனிக்கவில்லை. நீங்களும் கவனித்திருக்க மாட்டீர்கள்.

அஷ்ஃபாக் நின்ற இடம் எனக்குத் தெரியும். நான் பிசகவில்லை. காமிராவுக்கு வலப்பக்கம், கையில் வசனத் தாளைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, நீங்கள் நின்றிருந்தீர்கள். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டீர்களா என்றுதான் திரும்பினேன். கட் என்றீர்கள்.

அன்று வேலை மும்முரத்தில் கவனிக்கவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்போது திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தும் உங்களுக்குத் தெரியவில்லை. கோபம்கூட வரவில்லை, ஃபர்ருக். அசதியாக இருக்கிறது.

அக்காவின் கணவர் வேலையாக லாகூர் வருகிறார். தலாக் காகிதத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுத்தனுப்புங்கள். கிளி பஷீரனிடமே இருக்கட்டும், அவளுக்கும் பேச ஓர் ஆள் வேண்டும். லத்தீஃப் சாச்சாவுக்கு என் சலாம் சொல்லுங்கள். அவருக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது.

தஸ்னீம்