ஒன்பது அவரை விதைகள்

என் மாமன் மகள் மாதம்மாவுக்கு,

இது என் கையெழுத்துதான், நம்பு. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார்கள். ஒரு வருஷமாகப் போகிறேன். எந்த பஸ் எங்கே போகிறது என்று இப்போது யாரையும் கேட்பதில்லை. நான் ஏறாத பஸ்ஸின் பலகையைக்கூட நின்று படிக்கிறேன். இந்தக் கடிதத்தை நாலு நாளாக எழுதுகிறேன்.

நீ போன பிறகு அஞ்செட்டியை விட்டு ஓசூருக்கு, மகள் வீட்டுக்கு வந்துவிட்டேன். உன் விதை முடிச்சையும் கொண்டுவந்தேன். இரண்டு வருஷம் அதை அவிழ்க்க மனசு வரவில்லை. அவிழ்த்தபோது வண்டு தின்றது போக ஒன்பது அவரை விதைகள் மிச்சம். உன் அம்மா வீட்டிலிருந்து நீ கொண்டுவந்த அவரை. அது என் கையோடு முடிந்துவிடக் கூடாது என்று பங்குனியில் மொட்டை மாடியில், காலிப் பெயிண்ட் டப்பாக்களில் போட்டேன். டப்பாவில் போடும் காய்க்கு மாசம் ஏது என்று நினைத்துக்கொண்டேன்.

ஓசூர் இப்போது குளிர்ந்த ஊர் இல்லை. கோடை மழை ஒன்று பெய்தால் மறுநாள் இட்லிப் பானைக்குள் நிற்பது போலப் புழுங்குகிறது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தக்காளிப் பூ வெயிலில் கொட்டியது. நெருக்கித் தூவிய கீரை அழுகியது. அவரையில் ஏழு செத்தன. அப்புறம்தான் கற்றுக்கொண்டேன்: விடிந்ததும் வேருக்கு மட்டும் தண்ணீர், மண்மேல் சருகு, மதியத்துக்குச் சாக்கு நிழல். வெண்டை காய்த்தது. முதல் காயின் நுனியை ஒடித்துப் பார்த்துவிட்டு, உன்னைக் கூப்பிடத் திரும்பிவிட்டேன்.

மிஞ்சிய இரண்டு அவரைக் கொடிகள் தண்ணீர்த் தொட்டியையே மூடின. பூ மட்டும் இல்லை. எரு போட்டேன், மோர் தெளித்தேன். ஆடி போயிற்று, ஆவணியும் போயிற்று.

"புடுங்கிப் போட்டுடுப்பா. தொட்டித் தண்ணி கால்வாசி இதுக்கே போவுது, காயைக் கண்ணுல காணோம்" என்றாள் மகள்.

ஒரு நாள் மனசு விட்டுப்போய் அரிவாளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். வீட்டு ஓனர் ஜெயம்மா துணி காயப்போட வந்தார். கன்னடக்காரர்.

"அண்ணா, அவரெ எப்போ போட்டீங்க?"

"பங்குனியில."

சிரித்துவிட்டார். "பனி வந்தாத்தானே அவரெ பூக்கும். வெயில்ல போட்டுட்டு பூ எங்கேன்னா? நெஜமாவே விவசாயம் பண்ணீங்களா, இல்ல கம்பெனி கேட்ல நின்னீங்களா?"

"ஏரு புடிச்சது நானு. அவரை போட்டது எம் பொஞ்சாதி."

"அதான் பாத்தேன். அந்தம்மா இருந்தா தலையில ஒண்ணு வெச்சிருப்பாங்க."

வைத்திருப்பாய். நாற்பது வருஷம் ஆடிக்கு ஆடி நான் ஏர் ஓட்ட, நீ பின்னால் வந்து கேழ்வரகுக் காட்டில் சால் பார்த்து அவரை போட்டாய். ஏன் இந்த மாசம் என்று ஒரு தடவையாவது திரும்பிக் கேட்டேனா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா, சிரித்திருப்பாயா? கேட்க வேண்டியதெல்லாம் இப்போதுதான் வருகிறது.

அரிவாளைக் கீழே வைத்தேன். பனி வரும்வரை விட்டுவை என்று மகளிடம் சொன்னேன். அவளே கயிறு கட்டிக் கொடியைத் தூக்கிவிட்டாள். ஐப்பசிக் கடைசியில் பனி இறங்கியது, பூத்தது. முதல் பிஞ்சைப் பார்த்த அன்றுதான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். தொட்ட விரலில் அந்த வாசனை ஒட்டிக்கொண்டது. பனிக்காலம் முழுக்க உன் கையில் இருக்கும் வாசனை. அன்று சோறு தின்னும்வரை கை கழுவவில்லை.

விதைக்கு விட்ட காயில் யாரும் கை வைக்காதிருக்க நீ புடவைக் கிழிசலைக் கட்டுவாய். கட்டியதையே பறித்துத் தின்று திட்டு வாங்கியவன் நான். உன் நீலப் புடவையில் இன்று ஒரு ஓரம் கிழித்தேன். கட்டும்போது நீ பார்ப்பது போல இருந்தது.

இந்த வருஷம் ஒரு காயும் குழம்புக்குப் போகாது, எல்லாம் விதைக்குத்தான். வரும் ஆடியில் நானே பலகையைப் படித்து அஞ்செட்டி பஸ் ஏறுவேன். நம் காட்டு ஓரத்தில், உன்னைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில் ஒன்பது விதை போடுவேன். மாசம் சரிதானே, மாதம்மா?

உன் அத்தை மகன்,
சின்னப்பன்