வல்லூற்றுக் கூடும் காக்கைச் சோறும்

ஏப்ரல் 29, செவ்வாய்

இன்று பதினாலு படம். பதினாலும் வீண். வேப்பிலை ஒவ்வொன்றும் நரம்பு தெரிய விழுந்திருக்கிறது. அதற்குப் பின்னால் வல்லூறு மட்டும் சாம்பலைக் கரைத்து ஊற்றின மாதிரி. காமிரா இலையைத்தான் பார்க்கிறது, பறவையைப் பார்க்க மாட்டேன் என்கிறது.

பானு இருந்தால் சிரித்திருப்பாள். ‘அக்கா, அது மெஷினு. நீ எங்க பாருன்னு சொல்றியோ அங்கதான் பாக்கும்.’ அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது கொஞ்சம்தான். பட்டனைப் பாதி அமுக்கினால் சின்னதாய் ஒரு சத்தம் வரும், அப்புறம் மிச்சப் பாதி. ஆண் வல்லூற்றுக்குக் கண் சிவப்பு, பெண்ணுக்கு மஞ்சள். கண் தெளிவாக விழாத படம் படமே இல்லை, அழித்துவிட வேண்டும். எனக்கு இன்னும் ஒரு கண்கூட விழவில்லை.

காமிரா அவளுடையது. இந்த நோட்டும் அவளுடையதுதான். டீச்சர் வேலை பார்த்த மிச்ச நேரமெல்லாம் மாடியில்தான் இருப்பாள், இந்த மரத்து வல்லூறு குஞ்சு பொரிப்பதைப் படம் எடுக்க வேண்டும் என்று. பொங்கல் கழிந்து ஒன்பதாம் நாள் போய்விட்டாள். மூன்று நாள் காய்ச்சல். என்னைவிட ஒன்பது வயது சின்னவள், தங்கை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

பள்ளிக்கூடம் லீவு விட்டாகிவிட்டது. சத்துணவுக் கூடத்துச் சாவி ஆணியில் தொங்குகிறது. லீவில் சமையல்காரி என்ன செய்வாள்? மாடிக்குப் போகிறேன். தண்ணீர்த் தொட்டியில் முதுகைச் சாய்த்துக்கொண்டால் கை ஆடுவதில்லை. அது இன்றைக்குத்தான் தெரிந்தது.

அஞ்சாவது படித்தவள் எழுதுகிறேன். தப்பு இருக்கும். யார் பார்க்கப் போகிறார்கள்.

மே 2

காலையில் மதில் மேல் சோறு வைத்துக் கூப்பிட்டேன். இரண்டு காக்கை வந்தன. அவை கொத்தின பிறகுதான் நான் தட்டில் கை வைத்தேன். பானு போன நாளிலிருந்து ஒரு நாள் விடவில்லை.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் கேட்டாள், ‘பசிக்குதுக்கா. ஒரு வாய் ரசஞ்சோறு குடு.’ இப்போது எதுவும் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. நானும் அதன்படியே இருந்துவிட்டேன். டப்பா என் மடியில் இருந்தது. சூடாக இருந்தது. மடியிலேயே ஆறிப்போனது.

மே 5

கரும்பருந்து ஒன்று கரண்டுக் கம்பத்தில் உட்கார்ந்து முழுசாக ஐந்து நிமிஷம் தன்னைக் காட்டிக்கொண்டிருந்தது. பேட்டரி தீர்ந்திருந்தது.

மே 9

வேப்பமரத்து உச்சிக் கிளைக்கு ஒரு கிளை கீழே கூடு. பெண் எழுந்திருப்பதே இல்லை, அடைகாக்கிறது. ஆண் இரை கொண்டுவந்து பக்கத்துக் கிளையில் நின்று கூப்பிடுகிறது. இன்று ஓணான். வால் தொங்கிக்கொண்டிருந்தது. படத்தில் வால் தெளிவு, வல்லூறு இல்லை.

மே 14

பக்கத்து வீட்டு மாயவன் மாடியில் புறாக்கூண்டு வைத்திருக்கிறான். முப்பது கர்ணப்புறா, பறக்கும்போதே கரணம் அடிக்கிறவை. பந்தயத்துக்கு விடுவான். இன்று கைப்பிடிச் சுவர் ஓரம் வந்து நின்றான்.

“நஞ்சக்கா, உங்க மரத்துல இருக்கறது என் புறாவுக்கு எமன். நீங்க அதுக்குப் போட்டோ புடிச்சிட்டு இருக்கறீங்க.”

“அது ஓணானும் பல்லியும்தான் தின்னுது மாயவா. நான் பாத்துட்டுதான இருக்கறன்.”

“பாருங்க, பாருங்க. ஒரு புறா காணோம்னா கொம்ப நீட்டிக் கூட்ட உருவி எறிஞ்சிடுவன்.”

கீழே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அவன் பெண்டாட்டி கோகிலா சொன்னாள், “நான் காணாமப் போனாக்கூட இவ்ளோ கோவம் வராதுங்க்கா இவருக்கு.”

சிரிப்பு வந்தது. தை மாதத்துக்கு அப்புறம் முதல் தடவை. உள்ளே வந்ததும், ஏன் சிரித்தோம் என்று இருந்தது.

மே 20

குஞ்சு பொரித்துவிட்டது. முட்டை ஓட்டைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டது தாய். மாடியிலிருந்து பார்த்தால் பஞ்சு மாதிரி ஆடுகிறது. இரண்டா, மூன்றா?

மே 22

மூன்று.

கண்ணும் விழுந்தது. தாயின் கண், மஞ்சள், நடுவில் கறுப்புப் பொட்டு. கூட்டின் விளிம்பிலிருந்து நேராக என்னைப் பார்க்கிறது. அழிக்கவில்லை. காமிராவை மூடி மூடித் திறந்து எத்தனை தடவை பார்த்தேனோ. காட்டுவதற்குத்தான் ஆள் இல்லை.

மே 26, திங்கள்

அமாவாசை. வடை சுட்டேன், பாயசம் வைத்தேன், ரசமும். எல்லாவற்றையும் இலையில் போட்டு மதிலில் வைத்தேன். தருமபுரியில் இருக்கிற அண்ணி போனில் சொல்லியிருந்தார்கள், ‘கொஞ்சமா வெக்காத நஞ்சு, தாராளமா வெய்யி.’

ஏழு காக்கை. எண்ணினேன். இத்தனை ஒருநாளும் வந்ததில்லை. மதிலில் மூன்று, மரத்தில் நான்கு. பானு வயிறு இன்றைக்கு நிறைந்திருக்கும் என்று நினைத்தேன். வல்லூறு கத்திக்கொண்டே இருந்தது. நான் கையில் காமிராவை வைத்துக்கொண்டு மரத்தைப் பார்த்து அமுக்கிக்கொண்டே இருந்தேன், கண்ணில் தண்ணீர் வந்ததால் எது விழுந்தது என்று தெரியவில்லை.

மே 27

இரண்டுதான் இருக்கிறது. காலையிலிருந்து பார்க்கிறேன். இரண்டுதான்.

மரத்தடியில் தேடினேன். ஒன்றும் கிடக்கவில்லை. மாயவன் கொம்பு அவன் மாடிச் சுவரில் சாய்ந்திருக்கிறது. நேற்று அது அங்கே இருந்ததா?

மே 28

குழாயடியில் கேட்டுவிட்டேன். நாலு பேர் குடம் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

“ஏன்டா மாயவா, பச்சக் குஞ்சு உன்ன என்னடா பண்ணுச்சு?”

“எந்தக் குஞ்சுக்கா?”

“நடிக்காத. அன்னிக்கு உன் வாயாலதான சொன்ன, உருவி எறிஞ்சிடுவன்னு.”

“சொன்னன். செய்யல. வேடியப்பன் சாமி மேல சத்தியமாச் செய்யல.”

“செத்தவ ஆசையா பாத்துட்டிருந்ததுன்னா எல்லாருக்கும் எளப்பமாப் போச்சு.”

அவன் குடம் பாதிதான் நிரம்பியிருந்தது. அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டான். நான் சொன்னது சரி என்றுதான் இருந்தது.

மே 29

சரி இல்லை.

அமாவாசையன்று எடுத்ததை அழிக்கலாம் என்று உட்கார்ந்தேன். எல்லாம் கலங்கல். ஒன்று மட்டும் தெளிவு. தாய் வல்லூறு என்று நினைத்து எடுத்தது. தாய் இல்லை, காக்கை. கூட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. அலகில் வெள்ளையாய்ப் பஞ்சு, ஒரு பக்கம் குட்டிக் கால் தொங்குகிறது. காக்கையின் கண் நன்றாக விழுந்திருக்கிறது.

படத்தின் ஓரத்தில் மணி இருக்கிறது. பன்னிரண்டு நாற்பது. நான் இலை போட்டது பன்னிரண்டரை.

நான்தான் கூப்பிட்டேன். கா கான்னு தொண்ட கிழியக் கூப்ட்டு, இல போட்டு, மரத்துல உக்காத்தி வெச்சேன். பானு ஆசப்பட்ட குஞ்ச, பானு பேரச் சொல்லி நானே தின்னக் குடுத்துட்டேன்.

மே 30

சோறு வடித்தேன். கிண்ணத்தை எடுத்தேன். கதவு வரைக்கும் போனேன்.

மரத்தில் ஆறு காக்கை. கூட்டில் இரண்டு குஞ்சு. தாய் மேலே படுத்து இறக்கையை விரித்துக்கொண்டு வாயைத் திறந்து வைத்திருக்கிறது.

வைக்கவில்லை.

பானு, உன்ன ரெண்டாவது தடவயா பட்டினி போடறேனா? அன்னிக்கு அவங்க சொன்னாங்கன்னு குடுக்கல. இன்னிக்கு யாரு சொன்னா? நானாத்தான குடுக்காம இருக்கேன்.

நானும் சாப்பிடவில்லை.

மே 31

ஏரிக்கரைக்கு எடுத்துக்கொண்டு போய் வைத்தேன். இடம் மாறினால் என்ன, சோறு சோறுதானே. நாய் வந்து தின்றுவிட்டுப் போனது. வீட்டுக்குத் திரும்பினால் என் காக்கைகள் மதில் மேல் வரிசையாக உட்கார்ந்து எனக்காகக் காத்திருக்கின்றன.

ஜூன் 1, ஞாயிறு

மாயவன் வீட்டுக்குப் போனேன். காமிராவைத் திறந்து அந்தப் படத்தைக் காட்டினேன். கிட்ட வைத்துப் பார்த்தான்.

“காக்காவா?”

“ஆமா. நான் சோறு வெச்சுக் கூப்ட்ட காக்கா. தப்பு எம்பேர்ல, மாயவா.”

காமிராவைத் திருப்பிக் கொடுத்தான். “குழாயடியில நாலு பேரு முன்னால திட்டுனீங்க. இத மட்டும் வூட்டுக்குள்ள வந்து சொல்றீங்க.”

கோகிலா அவனை ஒரு பார்வை பார்த்தாள். ஆனால் அவன் கேட்டதில் என்ன தப்பு?

ஜூன் 2

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. போகிற வழியில் குழாயடியில் நின்றேன். அன்றைக்கு இருந்த நாலு பேரில் மூன்று பேர் இருந்தார்கள். “குஞ்ச எடுத்தது காக்கா. மாயவன் இல்ல. நான் வாய் தவறிப் பேசிட்டேன்” என்றேன். வாய் தவறி இல்லை, வேண்டுமென்றேதான் பேசினேன் என்று திரும்பவும் சொன்னேன். ஒருத்தி, “சரி வுடுங்க்கா, தண்ணி நிக்கப்போவுது” என்றாள்.

ஜூன் 4

காக்கைகள் சோறு இல்லாமலும் வருகின்றன. நாலு மாதப் பழக்கம், ஆறு நாளில் விடுமா? பகலெல்லாம் நான் சத்துணவுக் கூடத்தில். நினைப்பெல்லாம் கூட்டில். பருப்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன்.

சாயங்காலம் வந்தால், மாயவன் அவன் மாடியில் நின்று கொம்பு நுனியில் கறுப்புத் துணி கட்டி வீசுகிறான். புறாவைப் பறக்க விட அப்படித்தான் வீசுவார்கள். புறாவெல்லாம் கூண்டுக்குள் இருந்தது. அவன் வீசியது என் மரத்துக் காக்கைகளைப் பார்த்து.

“எதுக்கு மாயவா உனக்கு இந்த வேல?”

“உங்களுக்காக இல்ல. அதுங்க சீக்கிரம் வளந்து எங்கனா தொலஞ்சாத்தான் என் புறாவுக்கு நிம்மதி.”

“இவருக்கு வேற வேலயும் இல்லீங்க்கா” என்று கீழேயிருந்து குரல் வந்தது.

ஜூன் 10

ஆண் வல்லூறு அணில் கொண்டுவந்தது. சிவப்புக் கண். விழுந்தது.

ஜூன் 14

அண்ணி போன்.

“சோறே வெக்கறதில்லியாமே?”

“குஞ்சு பறக்கட்டும் அண்ணி.”

“குஞ்சு முக்கியமா, பானு முக்கியமா உனக்கு?”

போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அவர்களும் வைக்கவில்லை. பிறகு, “சாப்ட்டியா நீ?” என்று கேட்டார்கள்.

சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். காக்கை கொத்தாத சோற்றை வீட்டில் நான் தொடுவதில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சாப்பிட்ட பிறகு ஒரு கைச் சோறு, அவ்வளவுதான்.

ஜூன் 17

பஞ்சு கொட்டிவிட்டது. நெஞ்சில் பழுப்புக் கோடு கோடாய் வந்திருக்கிறது. கூட்டை விட்டு இறங்கிக் கிளையில் நிற்கின்றன, பெரியது முன்னால், சின்னது பின்னால். ஒரு காக்கை கிட்டே வந்தது. பெரியது இறக்கையை விரித்து ஒரு அதட்டல். காக்கை போய்விட்டது. துணி வீசாமலே போய்விட்டது.

ஜூன் 19

மதிலில் கூகை, வெள்ளை முகத்து ஆந்தை. பானு இருந்த வரைக்கும் வராதது. இருட்டில் ஒன்றும் விழவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

இரண்டும் பறந்துவிட்டன. பெரியது வெள்ளிக்கிழமையே என்றான் மாயவன். சின்னது இன்று என் கண் முன்னால். கிளையிலிருந்து விழுவது போல் போய், மாயவன் கூண்டின் மேலேயே போய் உட்கார்ந்தது. உள்ளே முப்பது புறாவும் படபடவென்று அடித்துக்கொண்டன. மாயவன் கொம்பைத் தூக்கினான். என்னைப் பார்த்தான். கீழே வைத்தான். “போ, போ, உன் ஊரு பக்கம் போ” என்று கையைத் தட்டினான்.

படம் எடுக்க மறந்துவிட்டேன்.

ஜூன் 25, புதன்

அமாவாசை. அண்ணி போன் செய்யவில்லை. நானே எழுந்து, விடிவதற்குள் குளித்து, சமைத்தேன். கூடு காலி, இனி வைக்கலாம்.

மதிலில் இலை போட்டுக் கூப்பிட்டேன். வரவில்லை. திரும்பவும் கூப்பிட்டேன். மரத்தில் ஒன்றும் இல்லை. இருபத்தாறு நாள் வைக்காமல் இருந்ததில் அவையும் வேறு வீடு பார்த்துக்கொண்டன போலிருக்கிறது. ஏழு மணியிலிருந்து நின்றேன். முன்னைப் போலிருந்தால் உட்கார்ந்து அழுதிருப்பேன், பானுவுக்கு என் மேல் கோபம் என்று. காமிராவைக்கூட எடுத்து வரவில்லை, சும்மாதான் நின்றேன்.

எட்டரை ஆகிவிட்டது. அறுபத்தெட்டுப் பிள்ளைகளுக்கு உலை வைக்க வேண்டும். “இங்க வெச்சிருக்கேன் பானு” என்று சொல்லிவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

சாயங்காலம் வந்து பார்த்தேன். இலையில் ஒரு பருக்கை இல்லை. காக்கையா, அணிலா, மாயவன் புறாவா, தெரியாது. நான் பார்க்கவில்லை. இலையை எடுத்துப் போட்டுவிட்டுக் கை கழுவினேன். காலையில் வைத்த ரசத்தைச் சூடு பண்ணி, சோறு போட்டுச் சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டேன்.