மூன்று மணி மேடை

கான்சஸ் சிட்டி

1997 மே 6, செவ்வாய்

மழை. என் கணவர் குளோவிஸ் பெயருக்குப் பல் டாக்டரிடமிருந்து ஓர் அட்டை வந்திருக்கிறது: "உங்களைப் பார்த்து நாளாயிற்று." ஏழு மாதமாக நானும் பார்க்கவில்லை. யாரிடம் போய்ச் சொல்ல, அவர் இறந்துவிட்டார் என்று?

மாலை விழாக் கமிட்டி கூடியது. தலைவர் பீச்சம், "ஒர்லீன், இந்த வருஷம் சனிக்கிழமை எட்டு மணிக்குப் பெரிய மேடையில உங்க வீட்டுக்காரருக்கு நினைவுக் கச்சேரி. நீங்களே ஏற்பாடு பண்ணுங்க" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

இருபத்திரண்டு வருடமாக இந்த ஜாஸ் விழாவில் யார், எந்த மேடை, எத்தனை மணி என்று முடிவு செய்கிறவள் நான். குளோவிஸின் ட்ரம்பெட்டுக்கு நான் கொடுத்தது எப்போதும் ஒன்றுதான் — ஓர மேடை, பிற்பகல் மூன்று மணி. ஆகஸ்ட் வெயிலில்.

மே 8

முதல் வருடம் ஒரு டிரம்மர் என் காதுபடச் சொன்னான்: "நல்லா ஊதத் தெரிய வேணாம். ஏற்பாடு பண்றவளக் கட்டிக்கிட்டாப் போதும்." அன்றைக்கு எடுத்த முடிவு, இந்த மூன்று மணி. குளோவிஸ் ஒரு தடவைகூட ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மே 15

வென்டலைப் பார்க்கப் போனேன். நாற்பது வருடம் குளோவிஸோடு பியானோ வாசித்தவர். அடக்கத்துக்குப் பிறகு என்னோடு பேசவேயில்லை. இன்றும் உள்ளே கூப்பிடவில்லை, வாசலில் நிற்க வைத்தே பேசினார்.

"எட்டு மணியா?"

"கமிட்டி முடிவு, வென்டல்."

"மூணு மணி யாரு முடிவு?"

கொண்டுபோயிருந்த நிகழ்ச்சிப் பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"வெயில்ல அந்தப் பித்தளை எப்படிச் சுடும் தெரியுமா? ஈரத்துணிய சுத்திக்கிட்டு ஊதுவான். பதினாலு பேரு உக்காந்திருப்பாங்க. அதுல நாலு பேரு கால் வலிக்குதுன்னு உக்காந்தவங்க. நீ ஒரு நாளாவது வந்து கேட்டிருக்கியா?"

இல்லை. அந்த நேரத்தில்தான் பெரிய மேடைக்காரர்கள் வந்து இறங்குவார்கள், அவர்களைக் கவனிக்கப் போய்விடுவேன்.

"வேற யாரையாவது வச்சு வாசிச்சுக்க. செத்தவனுக்கு எட்டு மணி எதுக்கு?"

மே 16

எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 3

இங்கேயாவது உள்ளதைச் சொல்கிறேன். 'ஒர்லீன் புருஷனுக்குக்கூடச் சலுகை காட்டமாட்டாள்' — அதைக் கேட்கக் கேட்க எனக்கு இனித்தது. நல்ல பெயர் எனக்கு. வெயில் அவருக்கு. அதுதானே நடந்தது?

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஒருத்தி எப்படி இருக்கிறேன் என்று கேட்டாள். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவர் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து ரேடியோவைப் போட்டேன். செய்திதான். யாரோ பேசினால் போதும் என்றிருந்தது.

ஜூன் 10

நினைவுக் கச்சேரி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"உங்க வீட்டுக்காரருக்காகத்தானே செய்யறோம்?" என்றார் பீச்சம்.

"இருந்தப்ப நான் செய்யல. இப்ப செஞ்சா அது எனக்காகத்தான்."

 எட்டு மணி சிகாகோப் பாடகி ஒருத்திக்குப் போயிற்று. இந்த விழாவோடு பொறுப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று கடிதமும் கொடுத்தேன். நிகழ்ச்சிப் பட்டியலில் மூன்று மணிக்கு எதிரே வென்டல் பெயரை எழுதினேன். அவருக்கு இரண்டு வரி தபாலில் போட்டேன்: 'ஓர மேடை, மூன்று மணி. நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் நான் வந்து உட்காருவேன்.'

ஜூலை 19

பதில் இல்லை.

ஆகஸ்ட் 16, சனி

நூறு டிகிரிக்கு மேல். முன்வரிசையில் உட்கார்ந்தேன், இரும்பு நாற்காலி தொடையைச் சுட்டது. மூன்று பத்து வரைக்கும் மேடையில் ஆளில்லாத பியானோ மட்டும்தான். மைக் வேலை பார்ப்பவர் வந்து, "ரத்துன்னு சொல்லிடவாம்மா?" என்றார். இருக்கட்டும் என்றேன்.

கால் மணி தாண்டி வென்டல் ஏறினார். பின்னால் பேஸ் வாத்தியக்காரர், டிரம்மர். என் பக்கம் திரும்பவில்லை. முதல் பாட்டில் ட்ரம்பெட் எழ வேண்டிய இடத்தில் வென்டல் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பேஸும் டிரம்ஸும் மட்டும் நடந்துகொண்டிருந்தன. மறந்துவிட்டாரோ என்று நினைத்தேன். இரண்டாவது பாட்டிலும் அதே இடத்தை விட்டார்கள். அப்போதுதான் புரிந்தது, அது குளோவிஸின் இடம். ஐந்து பாட்டு. ஐந்திலும்.

முடிந்ததும் இறங்கி வந்தார்.

"தலையில எதையாவது போட்டுக்கிட்டு உக்காரக் கூடாதா?"

"அவரு போட்டுக்கலையே."

"போட்டிருந்தான். வைக்கோல் தொப்பி ஒண்ணு, பார்க்கச் சகிக்காது. என் வண்டியிலதான் கெடக்கும்."

தொப்பி. இருபத்திரண்டு வருடம் — எனக்குத் தெரியாது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வென்டல் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.  எழுந்து போகவில்லை.

அக்டோபர் 22, புதன்

புதன்தோறும் மதியம் வென்டல் ஒரு சுட்ட இறைச்சிச் சாப்பாட்டுக் கடையில் வாசிக்கிறார், நான் போய்க் கேட்கிறேன். இன்று பஸ் தாமதம். நான் நுழைந்தபோது பாதிப் பாட்டு. வாசிப்பை நிறுத்தாமலே தலையைத் தூக்கி, கடை முழுக்கக் கேட்க, "எங்க போயிட்ட இவ்வளவு நேரம்?" என்றார்.

"பஸ் வரல" என்றேன்.

ஒரு வருடமாக யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை.