மாடி டிரம்

8-6-1967
என் மனைவி சர்புன்னிசாவின் கை மறுபடி வெடித்துவிட்டது. இரண்டு மாதம் சாம்பல், சவுக்காரம் தொடக்கூடாது என்கிறார் சிதம்பரம் டாக்டர். ஆகஸ்டில் அவள் தங்கை ஆரிபாவுக்கு நிக்காஹ். மருதாணி இடுவது அக்காதான் என்பது எப்போதோ முடிவானது. "புண்ணுக் கையோட எப்படி இடுவேன்?" என்றாள். இன்றிலிருந்து பாத்திரம் என் பொறுப்பு.

9-6
இரண்டு தட்டு உடைந்தது. கல்லூரி நூலகத்தில் பதினோரு வருடமாக ஒரு புத்தகம்கூட என் கையில் கிழிந்ததில்லை.

17-6
சர்புன்னிசாவின் அண்ணன் லியாக்கத் அலி சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கிறார், பாத்திரம் கழுவும் மிஷினோடு. வேலை செய்த வீட்டுத் துரை ஊருக்குத் திரும்பும்போது கொடுத்ததாம்.
"தண்ணிய அதுவே எடுத்துக்கும் மச்சான்."
"எங்கேர்ந்து?"
"பைப்புலேர்ந்து."
எங்களுக்கு இருப்பது கிணறு. மச்சான் போய் எட்டிப் பார்த்தார். கிணறாகவே இருந்தது.

20-6
குழாய் வேலை செய்யும் சடையப்பன் வந்தார். சமையலறைக்கு வெளியே திட்டில் இரும்பு டிரம், அதிலிருந்து குழாய், குழாயில் மிஷினின் ரப்பர் டியூப். தண்ணீர் சொட்டியது. மிஷின் முனகியது. அதனுடன் வந்த புத்தகத்தைப் படித்தேன்: தண்ணீர் அழுத்தத்தோடு வரவேண்டும், சூடாகவும்.
"அழுத்தம்னா ஒசரம் சார். டிரம்ம மாடிக்கு ஏத்திடலாம்."
"சூடு?"
"அதுக்கு நான் என்ன சார் பண்றது."

24-6
டிரம் மாடியில். மிஷின் ஓடுகிறது. விடியலில் நான் பதினாறு குடம் சுமக்கிறேன், ஒன்பது தட்டு கழுவ. கையால் கழுவினால் மூன்று குடம். மீதிதான் நாகரிகம் போலிருக்கிறது.

2-7
கறிக் கொழுப்பு போகவில்லை. பொறுக்காமல் அவளே சாம்பலை எடுத்துத் தேய்த்துவிட்டாள். ஆறி வந்த கை – மறுபடி ரத்தம். கத்திவிட்டேன். வலி அவளுக்கு, கத்துறது நானா?

9-7
ஞாயிறு. விடியலில் டிரம்மை நிரப்பியதோடு சரி, மிஷினைப் போடவில்லை. மதியம் லுஹர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்ய மாடி டிரம்மில் கை விட்டேன். சுட்டது. இத்தனை நாளாக விடியலில் நிரப்பி உடனே மிஷினைப் போட்டது என் அறிவு. வெயில் வேலைக்கு வரும்வரை காத்திருக்கவில்லை. மூன்று மணிக்குப் போட்டோம். சர்புன்னிசா தட்டை முகர்ந்து பார்த்து, "பரவால்ல" என்றாள். அதற்கு மேல் பாராட்டு அவளிடம் கிடையாது.

10-7
இனி மூன்று மணிக்கு ஸ்விட்ச் அவள் போடுவாள். சஹன் மட்டும் மிஷினுக்குள் நுழையவில்லை. நாலு பேர் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள் என்று துரைக்கு யாரும் சொல்லவில்லை.

19-8
நாளை நிக்காஹ். ஆரிபாவுக்கு முழங்கை வரை மருதாணி. இட்டது சர்புன்னிசா. மீந்த விழுதைத் தன் உள்ளங்கையிலும் அப்பிக்கொண்டு, நனைக்கக் கூடாது என்று உட்கார்ந்துவிட்டாள். வந்த உறவுக்காரர்கள் சாப்பிட்ட சஹன் பதினெட்டு. நான் கிணற்றடியில் தேய்த்தேன். மச்சான் குடத்தைச் சாய்த்தார்.
"அழுத்தம் போதுமா மச்சான்?"
"இன்னும் ஒசரமா ஊத்துங்க" என்றேன்.