காசு போடாமல் பேசியவன்

1984 மார்ச் 6, செவ்வாய். ஊர்காவற்றுறை.

எங்கள் தொலைபேசிக் கந்தோர் வாசலில் இருக்கும் காசுத் தொலைபேசியில் காசு போடாமல் கொழும்புக்குப் பேசியவனை நான்தான் பிடித்தேன். பெயர் நகுலன், வயது பத்தொன்பது. காசு போடாவிட்டால் டயல் வேலை செய்யாது; இவன் ரிசீவரை மாட்டும் கொம்பை விரலால் தட்டியே இலக்கங்களை அனுப்புகிறான். ஒன்பதுக்கு ஒன்பது தட்டு, பூச்சியத்துக்குப் பத்து. இதையெல்லாம் நான்கு பக்க முறைப்பாடாக எழுதி யாழ்ப்பாணத் தலைமைக் கந்தோருக்கு அனுப்பியிருந்தேன்.

இன்று பொலிஸ் வரவில்லை. அங்கிருந்து பொறியியலாளர் வந்தார். நகுலனைத் தட்டிக் காட்டச் சொல்லி மூன்று தரம் ரசித்துப் பார்த்தார்.

"தம்பி, இந்த ஓட்டையை அடைக்க உமக்கு ஏலுமோ?"

"ஓம் ஐயா. வேறை ரெண்டு ஓட்டையும் இருக்கு."

லைன் களவு பிடிக்கும் பிரிவில் அவனுக்கு வேலை கொடுத்துவிட்டார். அதே பிரிவுக்கு நான் ஏழு வருடமாக விண்ணப்பிக்கிறேன். என்ன குறை என்று கேட்டேன்.

"நீர் நேர்மையான ஆள். இஞ்சையே இரும்."

போகும்போது நகுலன் என் மேசைக்கு வந்தான். "அண்ணை, உங்கடை முறைப்பாட்டை ஐயா வாசிக்கத் தந்தவர். என்னைப்பற்றி ஒருத்தரும் இவ்வளவு வடிவா எழுதினதில்லை."

வீட்டுக்கு வந்து பிரதியை எடுத்து வாசித்தேன். வடிவாகத்தான் இருக்கிறது. என் ஏழு விண்ணப்பங்களிலும் என்னைப்பற்றி இப்படி ஒரு வரி இல்லை.