பதிவு நாளில் போட்ட பரிசம்

போடிநாயக்கனூர்
வைகாசிக் கடைசி

அன்பு மகன் யோகராஜுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உன் தம்பி சின்ராசும் சுகமாக இருக்கிறோம். நீயும் மருமகள் பவித்ராவும் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் பரமசிவன் மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. இதை உன் தம்பி போட்டோ எடுத்து அனுப்புவான், முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு. மேலே போடிமெட்டில் சாரல் பிடித்துவிட்டது, சின்ராசு ஜீப்பில் தோட்டத்துக்கு ஆளேற்றிக்கொண்டு விடியுமுன்னே போய்விடுகிறான், பனிமூட்டத்தில் அவன் வண்டி கீழே இறங்கி வருகிறவரை எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, ஆனால் டீக்கடை வரைக்கும் போக மட்டும் அந்தக் கால் நன்றாக நடக்கிறது. சவுகத் அலி பாய் குடோனில் புதுக்காய் வரத்து இன்னும் இல்லை, பழைய ஏலக்காயைத்தான் நாங்கள் உட்கார்ந்து பெருசு சிறுசு பிரித்துக்கொண்டிருக்கிறோம்.

விசயத்துக்கு வருகிறேன். சின்ராசு கட்டிக்கொள்ள ஆசைப்படுகிற தர்சினி இலங்கை அகதி முகாமில் இருக்கிற பெண் என்று தெரிந்ததும், நீ உன் மாமா மொக்கச்சாமிக்குப் போன் போட்டு, "இத எப்படியாச்சும் நிப்பாட்டுங்க மாமா, குடியுரிமை இல்லாத பொண்ணக் கட்டி இவன் என்ன செய்யப் போறான்" என்று சொன்னாயாம். எனக்குத் தெரியாது என்று நினைத்தாயாக்கும். உன் மாமாவுடையது ஓட்டை வாய் ஆச்சே, ஊருக்கே தெரியும். நீ சொல்வது முழுக்கத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன் அப்பு. "நான் முறையா விசா வாங்கி வந்து கிரீன் கார்டு வரிசையில நிக்கிறேன், அவுங்க கள்ளப் படகேறி வந்தவுங்க, ரெண்டும் ஒண்ணாம்மா" என்று கேட்டாய். நியாயமான கேள்விதான், நானும் ரெண்டு ராத்திரி புரண்டு புரண்டு யோசித்தேன். படகேறி வந்தவர் அவள் அப்பா தவராசா, அதுவும் குண்டு விழுந்த ஊரிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு. அவள் பிறந்தது தேனி ஆஸ்பத்திரியில். எந்த எல்லையை அவள் தாண்டினாள், சொல்லு. மிஞ்சிப்போனால் வீரபாண்டித் திருவிழாவுக்குப் போயிருப்பாள். உன் மகள் அங்கே பிறந்தாள், பிறந்ததாலேயே அந்த நாட்டுப் பிள்ளை ஆகிவிட்டாள். அந்தச் சட்டத்தையும் மாற்றப் பார்க்கிறார்கள் என்று செய்தி வந்த வாரம் நீ சோறு இறங்காமல் கிடந்தாய் என்று பவித்ரா என்னிடம் அழுதாள். இங்கே இந்தப் பிள்ளை பி.காம் படித்துவிட்டு, ஒரு பேங்குப் பரீட்சை எழுத முடியாமல், என் பக்கத்தில் உட்கார்ந்து காய் பொறுக்குகிறாள். அவளை எனக்குப் பிடித்தது உன் தம்பிக்குப் பிடிப்பதற்கு முன்னாலேயே. வாய் உண்டு அவளுக்கு, என்னோடு சரிக்குச் சரி மல்லுக்கு நிற்பாள், ஆனால் எனக்குக் காய்ச்சல் வந்த நாளில் என் பங்குக் காயையும் சேர்த்துப் பிரித்துவிட்டு யாரிடமும் சொல்லாதவள். அவர்கள் ஊர்ப் பேச்சில் என்னை மாமி என்று கூப்பிடுகிறாள், அத்தை என்று சொல்லுடி என்றால் சிரித்துக்கொண்டே மறுபடியும் மாமி என்கிறாள், கழுதை. நான் கண்ணை மூடிக்கொண்டு கிணற்றில் குதிக்கவும் இல்லை. உத்தமபாளையத்தில் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தேன். "கல்யாணம் முடிச்சதும் குடியுரிமை வந்துரும்னு நெனைக்காதீகம்மா, பொறக்குற பிள்ளைக்கே இழுபறியாத்தான் இருக்கும், மனுப் போட்டுக் கோர்ட்டு ஏறிப் பொறுத்துத்தான் பாக்கணும்" என்று உள்ளதைச் சொன்னார். வீட்டுக்கு வந்து சின்ராசிடம் அப்படியே சொன்னேன். "பொறுத்துக்கிறேம்மா" என்றான், அவ்வளவுதான் பேச்சு. அதற்கு மேல் நான் என்ன செய்ய.

சரி என்று பரிசம் போடக் கிளம்பினோம். உன் மாமா முறைப்படி ஜோசியரைப் பார்த்து நாள் குறித்துவிட்டு வந்தார். மாப்பிள்ளை வீட்டார் குறித்த நாளைப் பெண் வீட்டார் மறுத்துப் பேசுவது நம் சனத்தில் இல்லை, அந்த நாள் ஒத்துவருமா என்று நாமும் அவர்களைக் கேட்பதில்லை. அதோடு, முகாமுக்குள்ளே எல்லாம் நான் கால் வைக்க மாட்டேன், நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று முறுக்கிக்கொண்டு ராசிங்காபுரத்தில் மண்டபம் பிடித்தார். அந்த நாள் முகாமில் பதிவு நாள். ஆபீசர் வந்து குடும்பம் குடும்பமாகப் பேர் கூப்பிடும்போது ஆள் நேரில் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் பதிவிலிருந்து பேரை எடுத்துவிடுவார்களோ என்று அவர்களுக்கு எப்போதும் கிலி. தவராசாவுக்கு இது தெரியும், ஆனாலும் நாளை மாற்றச் சொன்னால் சம்பந்தமே போய்விடும் என்று பயந்து மனுசன் வாயைத் திறக்கவில்லை. ஆபீசர் எப்போதும் சாயங்காலம்தான் வருவார், அதற்குள் முகாமுக்குத் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். அன்றைக்கென்று ஆபீசர் காலையிலேயே வந்துவிட்டார். பெண்ணை மணையில் உட்காரவைத்து, பூ வைத்து, உன் அப்பா வெற்றிலைத் தட்டைக் கையில் எடுக்கிற நேரத்தில் முகாமிலிருந்து தவராசாவுக்குப் போன் வந்தது. அவர் முகம் செத்துவிட்டது. அந்தப் பிள்ளை என்னை ஒரு பார்வை பார்த்தாள், "மன்னிச்சுக் கொள்ளுங்கோ மாமி" என்று சொல்லிவிட்டு மணையிலிருந்து எழுந்து அப்பாவோடும் அம்மாவோடும் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள். தட்டு மாறுவதற்குள் மணையை விட்டு எழுந்த பெண் வேண்டாம் என்று சொன்ன பெண் என்பதுதானே நம் வழக்கம். மண்டபமே இரைந்தது. "பரிசம் முறிஞ்சு போச்சு, பந்தியப் போடுங்க, தின்னுட்டுக் கலைவோம்" என்று உன் மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். போனில் நீ சொன்னது நடந்துவிட்டது என்று உள்ளுக்குள் அவருக்கு ஒரு நிம்மதி. உன் அப்பா எப்போதும் போல மண்டபத் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார். சின்ராசு மட்டும் போய் ஜீப்பில் உட்கார்ந்துகொண்டு ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்தான்.

நான் விடுவேனா. "ஏண்ணே, பரிசம் போடுறது எங்க? பொண்ணு வீட்டுல. நம்ம பாட்டன் பூட்டன் காலத்துலயிருந்து அதான் வழக்கம். அவ வீட்டுக்குப் போக மாட்டேன்னு மண்டபத்தப் பிடிச்சு வழக்கத்த முறிச்சது நீயி, மணைய விட்டு எந்திரிச்சா குத்தம்னு அந்தப் பிள்ளையச் சொல்றியா? முறையா அவ வீட்டுக்கே போயிருந்தா அவ எதுக்கு எந்திரிக்கப் போறா" என்று சபையில் கேட்டேன். உன் அப்பா தூணை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். தட்டுகளை எல்லாம் எடுத்து ஜீப்பில் வைக்கச் சொன்னேன், பெண்டுகள் ஏறிக்கொண்டார்கள், வேறு வழியில்லாமல் உன் மாமாவும் முன்சீட்டில் ஏறினார். முகாமில் வேப்பமரத்தடியில் மேசை போட்டு ஆபீசர் பேர் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். பிள்ளைகுட்டிகளோடு சனம் வெயிலில் நிற்கிறது. அத்தனை பேருக்கு நடுவில் பட்டுச்சேலையும் தலைநிறையப் பூவுமாக இவள் நிற்கிறாள், முகமெல்லாம் மை கரைந்து. எனக்கு அழுகை வந்துவிட்டது அப்பு, இந்த வயதில் நடு முகாமில் நின்று அழுதேன். ஆபீசர் யாரம்மா நீங்கள் என்று கேட்டார். "பொண்ணு கேட்டு வந்திருக்கோம் சார், நீங்க உங்க சோலியப் பாருங்க, அவ பேரக் கூப்புட்டு முடிச்சதும் நாங்க எங்க சோலியப் பாக்குறோம்" என்றேன். நல்ல மனுசர், சிரித்துவிட்டு அவர்கள் குடும்பத்தை முதலில் கூப்பிட்டு அனுப்பினார். அவர்கள் வீட்டு வாசலிலேயே ஒரு பலகையைப் போட்டு அவளை உட்காரவைத்து உன் அப்பாவும் தவராசாவும் தட்டு மாற்றினார்கள். நம் பெண்டுகள் போட்ட குலவையில் வரிசையில் நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. உன் மாமா ஜீப்பை விட்டு இறங்கவில்லை. தர்சினியின் அம்மா டீயை ஜீப்புக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள், வாங்கிக் குடித்துவிட்டுச் சீனி கூடிப்போச்சு என்றார். குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார் என்றால் சம்பந்தி ஆகிவிட்டார் என்று அர்த்தம்.

கல்யாணம் ஆவணியில். இந்த முறை முதலில் முகாமில் கேட்டுவிட்டுத்தான் ஜோசியரிடம் போனோம். நேற்றுக் குடோனில் உட்கார்ந்து, என் மூத்தவனை எப்படியும் வரவழைப்பேன், வராவிட்டால் அவன் முகத்திலேயே முழிக்க மாட்டேன் என்று நான் வீராப்புப் பேசிக்கொண்டிருந்தேன். பாஸ்போர்ட்டில் புது விசா ஸ்டாம்பிங் இல்லாமல் இங்கே வந்தால் திரும்ப அங்கே விடுவார்களோ மாட்டார்களோ என்று நீ பயப்படுவதாகச் சின்ராசு சொன்னதை நான் சாக்கு என்றுதான் நினைத்தேன். தர்சினி காய் பொறுக்குவதை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமி, அண்ணாவ வரச் சொல்லிக் கரைச்சல் குடுக்காதீங்கோ. வெளிய போனா திரும்ப உள்ள விடுவாங்களோ எண்ட பயம் சும்மா பயமில்ல. எங்கட அப்பா ஊரில அவருடைய அம்மா செத்ததுக்கே போகேல்ல. அண்ணா அங்கயே பத்திரமா இருக்கட்டும், நாங்க போன்ல கும்பிட்டுக் கொள்ளுறம்" என்றாள். நீ மாமாவிடம் அவளைப் பற்றிச் சொன்னது அவளுக்கும் தெரியும் அப்பு. தெரிந்துதான் சொன்னாள்.

நீ வர வேண்டாம். இருக்கிற இடத்தில் நன்றாக இரு, உன் காகிதமெல்லாம் வெரசாகக் கைக்கு வரட்டும், பிள்ளைக்குத் தமிழில் பேசு, பவித்ராவை வேலை வேலை என்று அலையவிடாதே, குளிர்காலத்தில் காதை மூடிக்கொள். எல்லாச் செல்வமும் பெற்று நீடூழி இருங்கள். தர்சினியின் நம்பரைத் தம்பி அனுப்புவான். ஒரு தடவை கூப்பிட்டுப் பேசு. அவள் பயந்துகொண்டே எடுப்பாள், நீதான் முதலில் தங்கச்சி என்று சொல்ல வேண்டும்.

உன் அம்மா
ராக்கு