இரட்டைக் கட்டிலுக்கு ஒரு போர்வை

ஜனவரி 6
போர்வையின் மேல்துணி தைத்து முடிந்தது. அவருடைய ஆபீஸ் சட்டைகளை வெட்டித்தான் கட்டம் கட்டமாக இணைத்தேன். பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வேலையை விட்டவருக்கு ஆபீஸ் சட்டை எதற்கு? அன்று போட்ட சண்டையில் ஹாலுக்குப் படுக்கப் போனவர் இன்னும் அங்கேதான். "மாசக் கடைசில தம்பி ஊருக்குப் போறேன். அவன் கடையைப் பாத்துக்கறேன். நீ வந்தா வா, வராட்டி விடு" என்கிறார். விடுவாராமே!

நான் தைப்பதோ இரட்டைக் கட்டில் அளவுக்கு. ஏனென்று எனக்கே தெரியவில்லை.

ஜனவரி 9
அடித்துணி, அதன்மேல் பஞ்சு, அதற்கும் மேல் சட்டைக் கட்டங்கள். மூன்றையும் சேர்த்து ஊக்கு குத்தினேன். விரிக்க ஹாலில்தான் இடம். சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தார்.

"இது என் கோடு போட்ட சட்டைல்ல?"

"ஆமா."

 மண்டி போட்டே எல்லா ஊக்கையும் குத்தி முடித்ததில் முட்டி கழன்றுவிட்டது.

ஜனவரி 12
நேர்க்கோட்டுத் தையல்தானே, கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவேன் என்று மகளிடம் போனில் பீற்றிக்கொண்டேன். "அது கெடக்கட்டும், அப்பாகிட்ட பேசும்மா" என்றாள். நான் ஏன் பேசணும்? போறவர் பேசட்டும்.

ஜனவரி 15
ஐயோ! எல்லாக் கோட்டையும் தலைமாட்டிலிருந்தே ஓட்டித் தொலைத்திருக்கிறேன். மேல்துணி ஒரே பக்கமாக நகர்ந்து, கட்டமெல்லாம் கோணிக்கொண்டு நிற்கிறது. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

ஜனவரி 16
பிரித்தேன்.

ஜனவரி 17
இன்னும் பிரிக்கிறேன். பரணிலிருந்து பெட்டியை இறக்கிவிட்டார். போகாதீங்கன்னு சொன்னா என்ன? வாய்க்குப் பூட்டா போட்டிருக்கு? உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. துடைத்த அடுப்பையே துடைக்கிறேன்.

ஜனவரி 21
நடுவிலிருந்து தொடங்கினேன். ஒரு கோடு மேலிருந்து, அடுத்தது கீழிருந்து. ஆனால் போர்வையின் பாரம் மேஜையை விட்டுச் சரிந்து இழுத்தது. தையல் பாம்பாக நெளிந்தது. அழுகை வந்துவிட்டது. கூப்பிட்டேவிட்டேன்.

"ஏங்க, இதைக் கொஞ்சம் பிடிங்களேன். என்னால தனியா முடியல."

வந்தார். தொங்கிய பக்கத்தையெல்லாம் அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். இரண்டு கோடு ஓட்டி முடித்தேன்.

"ஆபீஸ்ல மூச்சு முட்டிச்சு. வேலையை விடறேன்னு சொன்னா நீ விடமாட்டியோன்னு பயம்" என்றார்.

விட்டிருக்க மாட்டேன்தான். மெஷினைப் பார்த்தபடியே, "போயிடாதீங்க" என்றேன். எத்தனை நாளாகத் தொண்டையில் கிடந்த சொல்!

"அடுத்தது எந்தப் பக்கத்துலேர்ந்து?" என்று மட்டும் கேட்டார்.

ஜனவரி 26
ஓரம் மடித்துத் தைத்தாயிற்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. கேட்டதே பெரிசு.

பிப்ரவரி 3
நல்ல குளிர். ராத்திரி பூராவும் போர்வையைச் சுருட்டித் தன் பக்கமே இழுத்துக்கொண்டார் மனுஷர். விடியும்வரை நடுங்கிக்கொண்டே கிடந்தேன். எழுப்பவில்லை.